லாகின் தாமதம்: கணினி யாருக்காகக் காத்திருக்கிறது?

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்து, கணினியைப் போட்டு, பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து, எண்டரைத் தட்டிவிட்டு, 'வெல்கம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் புள்ளிகள் வட்டமிடுவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர்களை, நெட்வொர்க் நிர்வாகத்தையே ஜீவனோபாயமாகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் எத்தனையோ ஸ்தாபனங்களில் கண்டிருக்கிறோம். முதலில் புகார் செய்கிறார்கள். பிறகு புகார் செய்வதையும் நிறுத்திவிட்டு, 'இந்த மெஷின் அப்படித்தான்' என்று அதற்கு ஒரு சுபாவத்தைக் கற்பித்து, அந்தச் சில நிமிஷங்களைத் தங்கள் தினசரி ஜீவிதத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். தாமதத்தைவிட இந்தப் பழகிப்போதலையே நான் பெரிய துரதிர்ஷ்டமாகக் கருதுகிறேன். ஏனெனில் நெட்வொர்க்கில் இணைந்த கணினிகளில் நேரும் லாகின் தாமதம், நிச்சயமான காரணமும் பெரும்பாலும் செலவில்லாத நிவர்த்தியும் உடைய ஒரு கோளாறு.

தாமதம் என்றவுடனே பலருக்கும் தோன்றும் பரிகாரம் மெஷினை மாற்றுவது. ரேமைக் கூட்டுகிறார்கள், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுகிறார்கள், அதுவும் போதாதென்று புதுக் கணினிகளுக்கே கொட்டேஷன் வாங்குகிறார்கள். எஸ்எஸ்டி நல்ல பொருள்தான். பழைய டிஸ்க் உள்ள கணினியில் அதைப் போட்டால் எல்லாக் காரியங்களும் துரிதப்படும் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் பணத்தைச் செலவிடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: அந்த நேரத்தில் கணினி உழைக்கிறதா, அல்லது காத்திருக்கிறதா? டிஸ்கின் விளக்கு ஓயாமல் மின்னி, கேபிளின் வழியே தகவல் வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருந்தால் அது உழைப்பு. விளக்கும் மின்னாமல், பிராசஸரும் சும்மா கிடக்க, கேபிளில் எப்போதோ ஒரு பாக்கெட் மட்டும் போய்வர, திரையில் புள்ளிகள் மாத்திரம் சுற்றிக்கொண்டிருந்தால் அது காத்திருப்பு. நான் பார்த்த தாமதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையே. காத்திருக்கும் கணினிக்கு எவ்வளவு வேகமான பிராசஸரைக் கொடுத்தாலும், அது அதே முப்பது விநாடிதான் காத்திருக்கும்.

அப்படி யாருக்காகக் காத்திருக்கிறது என்று அறிய, எண்டரைத் தட்டிய கணத்துக்கும் டெஸ்க்டாப் தோன்றும் கணத்துக்கும் இடையில் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது அவசியம். விண்டோஸ் 2000 உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி என்னும் ஏற்பாட்டில், ஒவ்வொரு பணியாளரின் கணக்கும் டொமைன் கண்ட்ரோலர் எனப்படும் சர்வரில் இருக்கிறது. ஆகவே நம் மேஜைக் கணினி முதலில், பெயர்களுக்கு விலாசம் சொல்லும் டிஎன்எஸ்ஸை விசாரித்து, 'இந்த டொமைனுக்கு அதிகாரி யார், எந்த விலாசத்தில் இருக்கிறார்' என்று அறிகிறது. பிறகு அந்த அதிகாரியிடம் சென்று, 1983-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிலையத்தில் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் முறைப்படி ஓர் அனுமதி டிக்கெட்டைப் பெறுகிறது. பிறகு அந்த நபருக்குரிய புரொஃபைலை ஏற்றுகிறது. அதன்பின் குரூப் பாலிசி என்ற விதிகளின் தொகுதியைச் சர்வரின் சிஸ்வால் என்னும் பொது ஃபோல்டரிலிருந்து படித்து ஒவ்வொன்றாக அமல்படுத்துகிறது. பொது டிரைவ்களை மாட்டுகிறது, பிரின்டர்களை இணைக்கிறது, ஸ்கிரிப்ட் இருந்தால் ஓட்டுகிறது. இவற்றில் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் கணினி வேறு யாரையோ ஒன்று கேட்டு, பதிலுக்காக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கேட்டவுடன் 'ஆம்' என்று பதில் வந்தால் தாமதம் இல்லை. 'இல்லை' என்று வந்தாலும் தாமதம் இல்லை, கணினி அடுத்த காரியத்துக்குப் போய்விடும். எந்தப் பதிலும் வராமல் இருப்பதுதான் சகல துன்பத்துக்கும் மூலம். வராத விருந்தாளிக்காக இலை போட்டுவிட்டு வீடு முழுவதும் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல, மௌனமாக இருக்கும் ஒரு விலாசத்தை நோக்கிக் கணினி நிற்கிறது. விண்டோஸ் 7 காலத்துக் கணினி ஒன்று, யாரும் வசிக்காத ஐபி விலாசத்தோடு தொடர்புகொள்ள முயன்றால், முதல் அழைப்புக்குப் பின் 3 விநாடி பொறுக்கும், மறுபடி அழைத்து 6 விநாடி பொறுக்கும், மூன்றாம் முறை அழைத்து 12 விநாடி பொறுக்கும். ஆக 21 விநாடி கழித்தே நம்பிக்கையைக் கைவிடும். ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை மூடும்போதும், வந்த பாக்கெட்டை 'அனுமதி இல்லை' என்று திருப்பியனுப்புவதற்கும், சத்தமில்லாமல் விழுங்கிவிடுவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் இதுவே. வெளியுலகத்தைப் பார்க்கும் ஃபயர்வாலில் விழுங்குவது நியாயம். ஒரே அலுவலகத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவே அப்படிச் செய்வது, சொந்த மனிதர்களையே காக்கவைப்பதாகும்.

காத்திருப்புக்குக் கால எல்லையை யாரோ ஒரு நிரலாளர் முன்கூட்டியே எழுதிவைத்திருப்பதால், தாமதத்தின் அளவே ஒரு சாட்சியமாக அமைகிறது. உழைப்பினால் வரும் தாமதம் ஒரு நாள் நாற்பது விநாடி, மறுநாள் ஐம்பத்தைந்து விநாடி என்று மாறும். காத்திருப்பினால் வருவதோ அநேகமாகத் தினமும் ஒரே அளவாக இருக்கும். இதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 2009-இல் விண்டோஸ் 7 வெளிவந்தபோது, டெஸ்க்டாப்பின் பின்னணியில் படம் ஏதும் வைக்காமல் ஒரே வர்ணத்தை மட்டும் வைத்தவர்களுக்கு, வெல்கம் திரை 30 விநாடி வரை நீங்காமல் நின்றது. டெஸ்க்டாப்பின் ஒவ்வொரு அங்கமும் 'நான் தயார்' என்று அறிவித்த பிறகே திரை விலகும் என்பது ஏற்பாடு. பின்னணி தயார் என்ற அறிவிப்போ படத்தை வரையும் நிரல் பகுதிக்குள் எழுதப்பட்டிருந்தது. படமே இல்லாதவருக்கு அந்த அறிவிப்பும் இல்லாமற் போயிற்று. மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டுவிட்டது. வெகுகாலத்துக்குப் பின் அந்த நிறுவனத்தின் மூத்த நிரலாளர் ரேமண்ட் சென் இதன் காரணத்தைத் தம் எழுத்தில் விளக்கியும் இருக்கிறார். அந்தக் கணினிகளில் டிஸ்கோ ரேமோ நெட்வொர்க்கோ எந்தக் குற்றமும் செய்யவில்லை. முப்பது என்ற முழு எண் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி, அலுவலகங்களில் நான் அதிகமாகக் காணும் காரணத்துக்கு வருகிறேன். அது டிஎன்எஸ்.

டொமைனில் சேர்ந்த கணினியின் டிஎன்எஸ் அமைப்பில், முதலாவது விலாசமாக டொமைன் கண்ட்ரோலரையும், இரண்டாவதாக இன்டர்நெட் ரூட்டரையோ 8.8.8.8 போன்ற பொது விலாசத்தையோ எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக வேரூன்றியிருக்கிறது. 'சர்வர் படுத்துவிட்டாலும் இன்டர்நெட் நிற்காமல் இருக்கட்டுமே' என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் விண்டோஸ் அந்த இரண்டாவதை, முதலாவது 'தெரியாது' என்று சொன்னால் போய்க் கேட்கும் இடமாகக் கொள்வதில்லை. முதலாவது ஒரு தரம் பதில் சொல்லத் தவறினால் நம்பிப் போய்ச் சேரும் இடமாகக் கொள்கிறது. காலையில் எல்லோரும் ஒரே சமயத்தில் கணினியைப் போடும்போது டொமைன் கண்ட்ரோலர் ஒரு கணம் பிந்தினால் போதும், மேஜைக் கணினி பொது டிஎன்எஸ்ஸிடம் போய்விடுகிறது. அதுவோ நம் அலுவலகத்தின் உள் டொமைனைக் கேள்விப்பட்டதே இல்லையாகையால், 'அப்படி ஒரு பெயரே உலகத்தில் இல்லை' என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறது. உறுதியான பதில் கிடைத்த பிறகு கணினி முதலாவதிடம் திரும்பிப்போய்க் கேட்பதில்லை. பழைய ஒலிபரப்பு முறைகளில் அதிகாரியைத் தேடி அலைந்து, பழைய நினைவில் வைத்திருக்கும் விவரங்களைக் கொண்டு ஒருவாறு உள்ளே விடுகிறது. அப்படி உள்ளே வந்தவருக்கு டிரைவ் இராது, பிரின்டர் இராது, அன்றைக்கு மாற்றிய விதிகளும் வந்து சேரா. ஒரு நாள் நன்றாக இருப்பது மறுநாள் கெட்டுப்போகிறதே என்ற குழப்பத்துக்கும் இதுவே காரணம். டொமைனில் உள்ள கணினிக்கு டொமைனை அறிந்த டிஎன்எஸ் விலாசங்கள் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும். வெளியுலகப் பெயர்களை அந்தச் சர்வரே ஃபார்வர்டர் வழியாக விசாரித்துச் சொல்லிவிடும். இன்டர்நெட் நிற்கக் கூடாது என்ற கவலை உள்ளவர்கள் இரண்டாவது டொமைன் கண்ட்ரோலர் ஒன்றை வைப்பதே முறை.

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஸ்தாபனங்களில் இதற்கு ஒரு சகோதரக் கோளாறும் காணப்படும். கிளையிலேயே ஒரு டொமைன் கண்ட்ரோலர் இருந்தும், கணினிகள் தலைமை அலுவலகத்துச் சர்வரைத் தேடி மெதுவான லைனில் போய்வரும். ஆக்டிவ் டைரக்டரியின் சைட் அமைப்பில் அந்தக் கிளையின் சப்நெட்டைப் பதிவு செய்யாமல் விட்டதே காரணம்; தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதையே அறியாத கணினி, கிடைத்த சர்வரைப் பற்றிக்கொள்கிறது. இப்படி அநாதையாக வந்து நிற்கும் கணினிகளின் விலாசங்களை, டொமைன் கண்ட்ரோலரின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் டீபக் என்ற பகுதியில் இருக்கும் நெட்லாகான் பதிவேடு, 'நோ கிளையன்ட் சைட்' என்ற குறிப்போடு வரிசையாக எழுதிவைத்திருக்கும். புதிய கிளை திறந்தபோது ரூட்டர் வாங்க நினைவிருந்தவர்களுக்கு, இந்த ஒரு வரிப் பதிவு மட்டும் ஏனோ நினைவில் இருப்பதில்லை.

ஸ்விட்சைப் பற்றி ஒரு வார்த்தை. ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த காலத்தில் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை, நெட்வொர்க்கில் வட்டப் பாதைகள் உருவாகி எல்லாம் ஸ்தம்பித்துவிடாமல் இன்றளவும் காத்து வருகிறது. அதன் மூல வடிவத்தில், ஒரு போர்ட்டில் புதிதாக ஏதேனும் மாட்டப்பட்டால், ஸ்விட்ச் 15 விநாடி கேட்டுக்கொண்டும், மேலும் 15 விநாடி கற்றுக்கொண்டும் இருந்துவிட்டுத்தான் பாதையைத் திறக்கும். பழைய மெஷின்கள் எழுந்திருக்கவே ஒரு நிமிஷம் ஆன காலத்தில் இதை யாரும் உணரவில்லை. எஸ்எஸ்டி போட்ட கணினியோ பத்து, பதினைந்து விநாடியில் எழுந்து சர்வரைத் தேடுகிறது. பாதை இன்னும் திறக்கவில்லை. 'டொமைன் கண்ட்ரோலர் அகப்படவில்லை' என்ற 5719-ஆம் எண் பிழையை எழுதிவைத்துவிட்டுத் தவிக்கிறது. புது மெஷின் வாங்கிய பிறகுதான் இந்தப் பிழை வரத் தொடங்கியது என்று சொல்பவர்கள் உண்மையையே சொல்கிறார்கள். கணினிகள் மாட்டும் போர்ட்களை மட்டும் போர்ட்ஃபாஸ்ட் என்னும் உடனடித் திறப்பில் வைத்தால் போதும். இன்னொரு ஸ்விட்ச் மாட்டும் போர்ட்டில் அதைச் செய்துவிடக் கூடாது.

ஒரு வியாபார ஸ்தாபனத்தில், கணக்குப் பிரிவில் மட்டும் லாகின் தாமதமாகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். மெஷின்களை மாற்றிவிடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்து வந்த ஓர் அம்மையார், நான் எதையும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "ஸார், இது என் மெஷினோட குத்தம் இல்லை. போன வாரம் பர்சேஸ்ல உக்காந்து என் பேர்ல போட்டேன், அங்கேயும் இதே கதைதான். ஆனா பர்சேஸ் தம்பி இங்க வந்து அவர் பேர்ல போட்டா சட்டுனு வந்துடுது."

"பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க மேடம்" என்றேன். உபசார வார்த்தையாக அல்ல, உண்மையாகவே. கோளாறு மெஷினைத் தொடர்கிறதா, மனிதரைத் தொடர்கிறதா, இடத்தைத் தொடர்கிறதா என்ற ஒரே சோதனையில் தேட வேண்டிய பரப்பில் பெரும்பகுதி கழிந்துபோகிறது. மனிதரைத் தொடர்ந்தால் அது புரொஃபைலிலோ, அவருடைய குழுவுக்கென விதித்த பாலிசியிலோ இருக்கும்.

விஸ்டா காலந்தொட்டு விண்டோஸ் இந்த விஷயத்தில் மிக நேர்மையான ஒரு தினக்குறிப்பை எழுதி வருகிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள்தாம் குறைவு. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் என்ற கிளையில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், குரூப் பாலிசி, ஆபரேஷனல் என்று இறங்கினால், 4001 என்ற எண்ணில் லாகின் பாலிசி தொடங்கிய நேரமும், 8001 என்ற எண்ணில் அது எத்தனை விநாடியில் முடிந்தது என்ற கணக்கும், இடையே 5016 என்ற எண்ணில் ஒவ்வொரு பகுதியும் எத்தனை மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்ற விவரமும் இருக்கும். அந்த அம்மையாரின் கணினியில் ரெஜிஸ்ட்ரி, பாதுகாப்பு, டிரைவ் ஆகிய எல்லாப் பகுதிகளும் இமைப்பொழுதில் முடிந்திருக்க, பிரின்டர் என்ற ஒரே பகுதி ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் விழுங்கியிருந்தது. ஜிபிரிசல்ட் கட்டளையில் அறிக்கை எடுத்துப் பார்த்தபோது, கணக்குப் பிரிவுக்கென்று ஒதுக்கிய பிரின்டர்கள் அனைத்தும், எப்போதோ ஓய்வு கொடுத்து அலமாரியில் வைத்துவிட்ட பழைய பிரின்ட் சர்வரையே சுட்டிக்கொண்டிருந்தன. சர்வர் போய்விட்டது, டிஎன்எஸ்ஸில் அதன் பெயர் மட்டும் போகவில்லை. ஆகவே கணினி ஒவ்வொரு பிரின்டருக்காகவும், யாரும் இல்லாத அந்த விலாசத்தை அழைத்து அழைத்துப் பார்த்தது. நெட்வொர்க்குக்காக எப்போதும் காத்திருக்க வேண்டும் என்ற பாலிசியும் அங்கே அமலில் இருந்தபடியால், அதெல்லாம் முடியாமல் டெஸ்க்டாப் வர இயலவில்லை. பாலிசியில் அந்த வரிகளையும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரையும் நீக்கினோம். அவ்வளவுதான், புது மெஷின் யோசனையும் அத்துடன் நின்றது.

பாலிசிகளுக்குள் ஒளிந்திருக்கும் இன்னும் இரண்டு மூன்று விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'இந்த மென்பொருள் இருக்கும் கணினிக்கு மட்டும் இந்த விதி' என்று டபிள்யூஎம்ஐ வடிகட்டி எழுதுபவர்கள், வின்32 ப்ராடக்ட் என்ற பட்டியலைக் கேட்டுவிட்டால், விண்டோஸ் பட்டியலைப் படிப்பதோடு நில்லாமல், எம்எஸ்ஐ வழியாக நிறுவிய ஒவ்வொரு மென்பொருளையும் ஒழுங்காக இருக்கிறதா என்று பரிசோதிக்கத் தொடங்கிவிடும். அந்தப் பட்டியலை வடிகட்டியில் ஒருபோதும் உபயோகிக்க வேண்டாம். டிரைவ்களை 'ரீப்ளேஸ்' என்று விதித்தால் ஒவ்வொரு லாகினிலும் இருப்பதை அழித்து மறுபடி மாட்டும். 'அப்டேட்' என்று விதிப்பதே அநேகமாகப் போதும். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகே டெஸ்க்டாப் வர வேண்டும் என்று அமைத்த இடங்களில், பயனர் பார்க்க முடியாத ஏதோ ஒரு கேள்வியோடு ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால், விண்டோஸ் தன் இயல்பான எல்லையாகிய 600 விநாடி வரை அதற்காகப் பொறுத்திருக்கும். பத்து நிமிஷத் தாமதம் என்று யாரேனும் சொன்னால் நான் முதலில் ஸ்கிரிப்டைத்தான் பார்ப்பேன்.

உழைப்பினால் வரும் தாமதம் என்று பிரித்துச் சொன்னேனே, அதற்கு உரியது ரோமிங் புரொஃபைல். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் தம் டெஸ்க்டாப்பே வர வேண்டும் என்ற சௌகரியத்துக்காக, புரொஃபைல் முழுவதும் சர்வரில் இருந்து வந்து, வேலை முடிந்ததும் அங்கேயே திரும்பிப் போகிறது. டெஸ்க்டாப்பில் கல்யாண வீடியோவை வைத்திருப்பவர் புதிய மெஷினில் உட்கார்ந்தால் அந்த வீடியோவும் கூடவே பிரயாணம் செய்யும். பெரிய ஃபைல்களைக் காட்டிலும், ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் சில மென்பொருள்கள் குவித்துவைக்கும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு ஃபைல்களே அதிகத் தொல்லை கொடுப்பவை; ஒவ்வொன்றுக்கும் தனியே கேட்டு, ஒப்பிட்டு, பிரதி எடுக்க வேண்டியிருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் முதலியவற்றை ஃபோல்டர் ரீடைரக்ஷன் மூலம் சர்வரிலேயே வைத்துவிட்டு, பயனற்ற ஃபோல்டர்களைப் பிரயாணத்திலிருந்து விலக்கிவிட்டால், இங்கே சேமிக்கும் நேரம் கண்கூடாகத் தெரியும்.

கடைசியாக, கேட்டதையெல்லாம் செய்துபார்க்கும் வழக்கத்தைப் பற்றி மனப்பூர்வமாக ஒன்று சொல்ல வேண்டும். காரணத்தைக் காணாமலே, யாரோ சொன்னார்கள் என்று ஐபிவி6-ஐ அணைக்கிறார்கள். அதையும் ரெஜிஸ்ட்ரியில் பழைய குறிப்புகளைப் பார்த்துத் தவறான பெரிய மதிப்பை எழுதிவிட்டால், கணினி எழுந்திருப்பதிலேயே 5 விநாடி கூடுதலாகிவிடும் என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் பாலிசியை எடுத்துவிடு என்கிறார்கள். எடுத்தால் டெஸ்க்டாப் சீக்கிரம் வரும், ஆனால் மாற்றிய விதிகள் சில அடுத்த லாகினில்தான் அமலாகும், அதற்கும் அடுத்ததில்தான் சில அமலாகும். தாமதம் மறைந்த மாதிரி தோன்றி வேறு ரூபத்தில் புகாராகத் திரும்பி வரும். பார்த்த பிறகு செய்வதே என் பிடிவாதம். குரூப் பாலிசி பதிவேட்டில் விடை கிடைக்காவிட்டால், அப்ளிகேஷன் பதிவேட்டில் வின்லாகான் எழுதும் 6005, 6006 என்ற எண்களைப் பாருங்கள். லாகினை யார் நிறுத்திவைத்தார் என்று பெயரோடு சொல்லும். என்எல்டெஸ்ட் கட்டளை, கணினி எந்தச் சர்வரை, எந்த சைட்டில் நம்பியிருக்கிறது என்று காட்டும். டபிள்யூ32டிஎம் கட்டளை கடிகாரத்தைக் காட்டும். கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிஷ வித்தியாசம் வரையே பொறுத்துக்கொள்ளும். இவற்றிலும் அகப்படாத கோளாறு, ப்ராசஸ் மானிட்டரை பூட் லாகிங் முறையில் ஓட்டினால் அநேகமாக அகப்பட்டுவிடும். இத்தனையும் இனாமாகவே கிடைப்பவை. பெரும்பாலானவை விண்டோஸின் உள்ளேயே இருப்பவை.

அலுவலகங்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லாகின் தாமதத்துக்காகப் புதுக் கணினிகளின் கொட்டேஷன் உங்கள் மேஜைக்கு வரும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உங்கள் நெட்வொர்க் நிர்வாகிக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல் ஒரு முழுக் காலைப் பொழுதை விட்டுக்கொடுங்கள். எந்தப் பகுதி எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்கி, கொட்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் கணினி வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம்.